புதிதாகப் போர் அடித்த எஞ்சினை எப்படிப் பழக்குவது?

கேள்வி: ஜூன் 9, திருத்துறைப்பூண்டி வாசகர்

என்னுடைய பழைய ஸ்ப்ளெண்டர் புகை தள்ளத் தொடங்கியதால் எஞ்சினை இறக்கியிருக்கிறேன். தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தை 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் (0.50 ஓவர்சைஸ்) கடைந்து போர் அடிக்க லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன், இந்த வாரக் கடைசியில் கிடைத்துவிடும். ஆயிரம் கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டவே கூடாது என்கிறார் எங்கள் மெக்கானிக். முதல் நாளே முறுக்கி ஓட்டினால்தான் ரிங் உட்காரும் என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வதைக் கேட்பது?

ஜூன் 9, இரவு

இருவர் சொல்வதிலும் ஆளுக்குப் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எப்போது பொருந்தும் என்று தெரிந்துகொள்ள, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டர் சுவரோடு இசைந்து எப்படி உட்காருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பிஸ்டன் ரிங்குக்குத் தானாக விரியும் விசை உண்டு என்றாலும், எஞ்சின் பாரம் இழுக்கும்போது அது சுவரின்மேல் கொடுக்கும் அழுத்தத்தில் அந்த விசையின் பங்கு சிறியது. பெட்ரோல் எரிந்து உண்டாகும் வாயு, பிஸ்டனில் உள்ள காடிக்குள் புகுந்து, ரிங்கை முதுகுப் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளலில்தான் ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்து இசைந்துகொள்கின்றன. போர் அடித்த சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் கல் இட்ட குறுக்குக் கோடுகளின் முனைகள் மழுங்கி, பள்ளங்கள் மட்டும் எண்ணெய் தங்குவதற்கு மிஞ்சும். இந்த வேலையின் பெரும்பகுதி முதல் சில பத்துக் கிலோமீட்டர்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் பிடித்து நாற்பதிலேயே உருட்டிக்கொண்டிருந்தால், ரிங்கின் பின்னால் போதிய அழுத்தம் சேராது. ரிங்கைத் தாண்டி மேலே ஏறும் எண்ணெய் சுவரிலேயே கருகி, பள்ளங்களை அடைத்து, வழவழப்பான பூச்சாகப் படிந்துவிடும். பட்டறைகளில் இதைத்தான் கிளேஸ் பிடித்துவிட்டது என்பார்கள். அப்படிப் பிடித்த சிலிண்டரை மறுபடி கழற்றிக் கல் போட வேண்டுமே தவிர, பிறகு எவ்வளவு ஓட்டினாலும் சரியாகாது.

உங்கள் மெக்கானிக் அஞ்சுவது வெப்பத்தை; அந்த அச்சம் நியாயமானது. அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்புச் சுவரைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் நூறு டிகிரி சூடேறினால் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் விரிகிறது, சுவர் அதில் பாதியளவுதான் விரிகிறது, இரண்டுக்கும் நடுவில் நாம் விட்டிருக்கும் இடைவெளியோ மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு மட்டுமே. குளிர்ந்த எஞ்சினை உதைத்த கையோடு முறுக்கினாலும், முழு ஆக்சிலரேட்டரில் நீண்ட நேரம் பிடித்தாலும் பிஸ்டன் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

ஆகவே வேண்டியது அழுத்தம், அதுவும் சிறு சிறு தவணைகளாக. எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் சூடேற்றி நேரே சாலைக்குக் கொண்டுபோய், முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். பிறகு மூன்றாம் கியரில் இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வரையும், நான்காம் கியரில் நாற்பதிலிருந்து அறுபது வரையும், பாதிக்கு மேல் முக்காலுக்குள் ஆக்சிலரேட்டரைத் திருப்பி இழுக்கவிட்டு, உடனே முழுவதும் மூடிவிட்டுக் கியரிலேயே வேகம் தானாகக் குறையும்படி விடுங்கள். மூடியபடி ஓடும்போது பிஸ்டனுக்கு மேலே உண்டாகும் வெற்றிடம் சுவருக்கு எண்ணெயை இழுக்கிறது. அந்த எண்ணெய் சூட்டையும் தேய்ந்த துகளையும் கீழே கொண்டுபோகிறது. இழுப்பதும் மூடுவதுமாக மாறி மாறிச் செய்யுங்கள். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகாதீர்கள்.

ஜூன் 10

பட்டறையிலேயே ஒரு மணி நேரம் ஐடிலிங்கில் விட்டுத் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். நின்ற இடத்தில் காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் காற்றும் இல்லை, ரிங்குக்கு அழுத்தமும் இல்லை. ஸ்டார்ட் ஆனதும் கேஸ்கெட் ஓரங்களில் எண்ணெய் கசிகிறதா, சிலிண்டருக்கு மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டுக்கு எண்ணெய் ஏறுகிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும்.

ஜூன் 11

சிலிண்டர் இன்னும் பட்டறையில் இருக்கிறது என்பதால், ஓட்டும் முறையைவிடப் பெரிதாக நான் கருதும் ஒன்றை இங்கே எழுதுகிறேன். எஞ்சினைப் பூட்டும் முன் அந்தச் சிலிண்டரைக் கழுவுங்கள்; மண்ணெண்ணெயாலும் பெட்ரோலாலும் அல்ல, வெந்நீரும் சோப்புத் தூளும் கொண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து நகரில் ஒரு லேத் பட்டறையிலிருந்து வந்த சிலிண்டர், வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகள் தெளிவாகத் தெரியும்படி மிக அழகாக ஹோனிங் செய்யப்பட்டிருந்தது. மண்ணெண்ணெயில் அலசித்தான் கொடுத்தார்கள். உலர்ந்த பழைய வேட்டித் துணியால் துடைத்தபோது துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. வெந்நீரில் சோப்பைக் கரைத்து, பாட்டில் கழுவும் பிரஷால் மேலும் கீழும் நன்றாகத் தேய்த்து, அதே துணியின் வெள்ளைப் பகுதியால் அழுத்தித் துடைத்தேன். விரல் பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. ஹோனிங் கல்லிலிருந்து உதிர்ந்த பொடி அது, இரும்பைவிடக் கடினமானது. மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பசையைக் கரைக்கும், கோடுகளின் பள்ளத்தில் சிக்கிய பொடியை அது தூக்குவதில்லை. அதற்குச் சோப்பு நுரையும் பிரஷும் வேண்டும். துணி வெள்ளையாகவே திரும்பும் வரை நான் கழுவினேன், அதற்குப் பல முறை வெந்நீர் மாற்ற வேண்டியிருந்தது.

கழுவி முடித்த கணமே எண்ணெய் பூசிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஈரக்காற்று வீசும் நம் பக்கத்தில், எண்ணெய்ப் பசை முழுவதும் போன வார்ப்பிரும்பு, தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் செம்மஞ்சளாகத் துரு ஏறத் தொடங்கிவிடும். அதே பட்டறையில் போர் அடித்து, கழுவாமல் பூட்டிய உறவினர் ஒருவரின் வண்டி அடுத்த அறுவடைக்குள்ளேயே மறுபடி புகை தள்ளியது. அதைத் தப்பாக ஓட்டிக் கெடுத்துவிட்டார் என்றுதான் ஊரில் இன்றும் சொல்கிறார்கள்; அவர் மிகவும் பொறுமையாக ஓட்டுபவர்.

ஜூன் 12

குறுவைக்கு மேட்டூர் அணையைத் திறக்கும் நாளாக வழக்கத்தில் உள்ள தேதி இது. ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திராமல் நாற்றங்காலுக்கு இறைக்க ஆயில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இந்த விவாதத்தை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். ரிங் மாற்றிய ஆயில் எஞ்சினைப் பம்பு மாட்டாமல் சும்மா ஓடவிட்டால் அது எண்ணெய் குடிக்கும், சைலன்சரில் கருப்பாக ஒழுகும். பம்பு மாட்டித் தண்ணீர் இழுக்கவிட்டால் சில நாளில் சுத்தமாகிவிடும். டீசலுக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்றாலும், பாரம் இல்லாத ரிங் உட்காராது என்ற இயல்பு இரண்டு எஞ்சினுக்கும் ஒன்றுதான்.

ஜூன் 14

பூட்டும்போது ரிங் முனைகளின் இடைவெளியை அளந்தீர்களா என்று கும்பகோணத்து நண்பர் கேட்டிருப்பது மிகவும் சரியான கேள்வி. ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் சிலிண்டருக்குப் பொதுவாக 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். முனைகள் முட்டும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால், சூட்டில் ரிங் விரிந்து சுவரைக் கிழித்துவிடும். ரிங்கில் எழுத்துப் பொறித்த பக்கம் மேலே வரவேண்டும். ரிங்குகளின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர் வரிசையில் நிற்காமல், வட்டத்தில் விலகி இருக்க வேண்டும்.

ஜூன் 22

வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. முதல் எண்ணெய் மாற்றத்தைப் பற்றி இரண்டு பேர் எதிரெதிராக எழுதியிருக்கிறார்கள்: ஐநூறில் மாற்றினால் போதும், முன்னதாக மாற்றுவது காசை வடிகாலில் ஊற்றுவது என்கிறார் ஒருவர், இருபது கிலோமீட்டரிலேயே மாற்றச் சொல்கிறார் மற்றவர். ஐம்பதிலிருந்து நூறுக்குள் ஒரு முறை, ஐநூறில் ஒரு முறை என்பது என் வழக்கம்.

அதற்கு இந்த எஞ்சினின் அமைப்பே காரணம். ஸ்ப்ளெண்டரில் காகித ஃபில்டர் கிடையாது. அடியில் ஒரு கம்பி வலையும், கிராங்க் முனையில் சுழலும் வேகத்தால் அழுக்கை ஒதுக்கும் கிண்ணமும்தான் உண்டு. வலை பெரிய துகளைத் தடுக்கும், கிண்ணம் கனமான துகளைச் சேர்த்துவைக்கும், மிகச் சன்னமான துகள் எண்ணெயோடு சேர்ந்து பேரிங், கேம், கியர் எல்லாவற்றுக்கும் போய்வரும். எஞ்சினில் இருப்பதோ ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய். முதல் எண்ணெயை எஞ்சின் சூடாக இருக்கும்போதே வெள்ளைக் கிண்ணத்தில் வடித்து வெயிலில் பாருங்கள். சன்னமான மினுமினுப்புத் தெரியும். அது இயல்பானதுதான், ஆனால் விரலுக்கு நெருடும் அளவுக்குத் துண்டு இருந்தால் மேலே ஓட்டாமல் காரணத்தைத் தேடுங்கள். எஞ்சினை இறக்கியபோது அந்தக் கிண்ணத்தைத் திறந்து சுத்தம் செய்யவில்லை என்றால், பழைய அழுக்கை வைத்துக்கொண்டு புதிய பிஸ்டனை ஓட்டுகிறீர்கள் என்று பொருள். ஐநூறில் எண்ணெய் மாற்றும்போது அதையும் திறந்துவிடுங்கள்.

எண்ணெய் வகையைப் பொறுத்தவரை, பழக்கும் காலத்தில் சாதாரண மினரல் எண்ணெயே போதும். இதே எண்ணெயில்தான் கிளட்ச் தட்டுகளும் நனைந்து ஓடுகின்றன என்பதால், அத்தகைய கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ என்ற குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். கார் எண்ணெய் விலை குறைவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். உராய்வைக் குறைக்க அதில் சேர்த்திருக்கும் பொருள் கிளட்சை வழுக்கவைத்துவிடக்கூடும்.

ஜூன் 23

பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கொஞ்சம் கலந்து ஓட்டலாமா என்று பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார். நம் பக்கத்துப் பட்டறைகளில் பழக்கத்தில் உள்ள யோசனைதான். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது தேவையில்லை. கீழிருந்து தெறிக்கும் எண்ணெயே சுவரை நனைக்கிறது. மேலேயும் எண்ணெய் ஊற்றினால் ரிங் உட்காருவது தாமதமாகும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். முக்கியமாக, புகையைப் பார்த்து எஞ்சினின் நிலையைக் கணிக்கும் வசதியை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

ஜூலை 3

டூ-ஸ்ட்ரோக் வண்டியான ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் மயிலாடுதுறை நண்பர், முதல் குறிப்பில் எழுதியதை அப்படியே தன் வண்டிக்குச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். நல்லவேளையாகக் கேட்டுவிட்டு ஓட்டுகிறார், ஏனென்றால் அதில் ஒரு பாதி டூ-ஸ்ட்ரோக்குக்கு நேர்மாறானது.

இழுப்பதும் விடுவதுமாக ஓட்டலாம், அதில் தவறில்லை. ஆனால் வேகமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடிக் கியரிலேயே நெடுந்தூரம் விடுவது அந்த எஞ்சினுக்கு ஆபத்து. அங்கே உயவு எண்ணெய் பெட்ரோல் கலவையோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. கலவையை நிறுத்தினால் எண்ணெயும் ஏறக்குறைய நின்றுவிடும், பிஸ்டனோ இன்னும் அதே வேகத்தில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். எனவே மூடும்போது கிளட்சைப் பிடித்துவிடுங்கள். எண்ணெய்ப் பம்பு சரியாக வேலை செய்கிறதா என்பதில் ஐயம் இருந்தால், முதல் டேங்குக்கு மட்டும் பெட்ரோலிலும் கொஞ்சம் எண்ணெய் கலந்துகொள்ளலாம். மேலே நான் வேண்டாம் என்றது ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மட்டும்தான். ஓடும்போது சத்தம் மாறி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் மட்டுப்பட்டால், என்ன ஏது என்று யோசிக்காமல் கிளட்சைப் பிடியுங்கள். இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்கட்டும்.

இன்னொன்று: போர் அடித்தபின் சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களின் விளிம்பு கத்திபோல் கூர்மையாகிவிடும். அவற்றை மெல்லிய அரத்தால் மழுக்கிச் சரிவாக்கித் தந்தார்களா என்று விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். மழுக்காவிட்டால் ரிங் அந்த விளிம்பில் சிக்கி உடையும். எவ்வளவு மென்மையாக ஓட்டினாலும் பயனில்லை.

ஜூலை 20

ஆடி பிறந்து காற்று தொடங்கிவிட்டது. முதல் குறிப்பில் நான் எழுதிய வேகங்கள் காற்றில்லாத சாலைக்கானவை என்பதால், இதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மலைப்பக்கத்தில் இருப்பவர்கள் எஞ்சினுக்குப் பாரம் கொடுக்க ஏற்றத்தைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலத்தின் சரிவும், தஞ்சாவூரைத் தாண்டினால் வல்லத்து மேடும்தான். மற்றபடி தரை தட்டையாகவே கிடக்கிறது, அதனால்தான் இங்கே புது எஞ்சின்கள் பாரமே இல்லாமல் உருண்டு உருண்டு கிளேஸ் பிடிக்கின்றன என்பது என் எண்ணம். ஆனால் ஆடியில் நமக்கும் ஒரு மலை வந்துவிடுகிறது. அம்மியையே பறக்கவைக்கும் என்று சொல்லப்படும் அந்த மேல்காற்றை எதிர்த்து, நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் நோக்கி ஓட்டிப் பாருங்கள்: மார்கழியில் கால்வாசி ஆக்சிலரேட்டரில் போகும் ஐம்பதுக்கு, இப்போது பாதிக்கு மேல் திருப்ப வேண்டியிருக்கும்.

பழக்கும் எஞ்சினுக்கு இது நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பாரம் கிடைக்கிறது, அது நன்மை. காற்றை எதிர்த்து விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் சூடு இறங்க இடைவெளியே கிடைக்காது என்பது தீமை. ஆகையால் மேற்கே போகும்போது இழுக்கும் நேரத்தைச் சுருக்குங்கள், அறுபது வரை போக முயலாமல் ஐம்பதிலேயே மூடிவிடுங்கள், நான்காம் கியரில் திணறினால் மூன்றுக்கு வாருங்கள். கிழக்கே திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும், அப்போது ரிங்குக்குப் பாரமே இராது. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டால் சரியாக இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தால்கூடத் தவறில்லை. புது எஞ்சினில் இரட்டைச் சவாரி கூடாது என்ற பொதுக் கருத்தை முதல் ஐம்பது கிலோமீட்டருக்கு ஏற்கிறேன். அதற்குப் பிறகு அளவான பாரம் நல்லது என்றே நினைக்கிறேன்.

புல்லட் ஓட்டுபவர்களுக்கும் ஒரு சொல். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) தரும் இழுவையை நம்பி, நான்காம் கியரில் முப்பதிலேயே தட்டித் தட்டி ஓட்டும் வழக்கம் இருக்கிறது. கேட்க இனிமையான ஓசைதான், ஆனால் புதிதாக மாற்றிய கனெக்டிங் ராடின் அடிப் பேரிங் அந்த அடியைத் தாங்கிக்கொண்டு பழகக் கூடாது. ஒரு கியரைக் குறையுங்கள்.

ஆகஸ்ட் 17

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து, ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது, ரிங் உட்காரவில்லையா என்று திருத்துறைப்பூண்டி வாசகர் கவலையோடு எழுதியிருக்கிறார். நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் ரிங் மேல் பழி போட மாட்டேன். இரவு முழுவதும் ஹெட்டில் தங்கிய எண்ணெய், தேய்ந்த வால்வு கைடு வழியாகவோ இறுகிப்போன வால்வு சீல் வழியாகவோ சொட்டி உள்ளே இறங்கி, காலையில் எரிந்து தீருகிறது. நீண்ட தூரம் மூடி ஓட்டிவிட்டு மறுபடி திருப்பும் கணத்தில் புகை வந்தாலும் பெரும்பாலும் வால்வுப் பக்கம்தான். பாரத்தில் இழுக்கும் நேரமெல்லாம் விடாமல் புகைத்து, எண்ணெய் அளவுக் குச்சியில் மட்டமும் குறைந்துகொண்டே வந்தால்தான் ரிங்கையும் சுவரையும் ஐயப்பட வேண்டும்.

சிலிண்டருக்கு இவ்வளவு செலவு செய்யும் நேரத்தில் சில ரூபாய் சீலை மாற்றாமல் விடுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. வண்டி கொடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். உங்கள் வண்டிக்கு இப்போது ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், சிலிண்டரைத் தொட வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் உறுதியாகச் சொல்லுங்கள். உட்கார்ந்த ரிங்கைக் கிளப்பினால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டிவரும்.

அக்டோபர் 5

குறுவை அறுவடை நடக்கும் இந்த நாட்களில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் கதிர் அறுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர வேண்டியிருக்கிறது. புது எஞ்சினைப் பழக்க இது ஏற்ற காலமல்ல. வேறு வழியில்லாதவர்கள் விடியற்காலையில் ஓட்டுங்கள். சிலிண்டர் ஃபின்களுக்கு நடுவே வைக்கோல் துணுக்கும் சேறும் அடைத்துக்கொண்டால் அந்த இடத்தில் சூடு தங்கிவிடும், வாரம் ஒரு முறை குச்சியால் எடுத்துவிடுங்கள். தூசைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: நெல்தூசியும் சாலை மண்ணும் கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாகப் போனால், ஹோனிங் பொடி செய்யும் அதே வேலையைத்தான் செய்யும். பழைய ஃபில்டரைத் தட்டிப் போடாமல் புதியதாகவே மாற்றிவிடுங்கள், அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அக்டோபர் 19

சீல் மாற்றியபின் காலைப் புகை நின்றுவிட்டது, ஆயிரம் கிலோமீட்டர் கடந்துவிட்டது, இனி என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்துச் சரிபாருங்கள். புது கேஸ்கெட் சூட்டிலும் குளிரிலும் அமுங்கிப் பிடி சற்றே தளர்ந்திருக்கும். அதை முடித்த பிறகுதான் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) பார்க்க வேண்டும், ஏனென்றால் ஹெட்டை இறுக்கினால் அந்த இடைவெளியும் மாறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த செம்பழுப்பு நிறமாக இருந்தால் கலவையும் ரிங்கும் சரியாக இருக்கின்றன. பழக்கும் காலத்தில் கார்புரேட்டரில் ஐடில் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் பழையபடி இறக்கிவிடுங்கள். அடுத்த எண்ணெய் மாற்றம் வழக்கமான இடைவெளியில் போதும். அதுவரை வாரம் ஒரு முறை, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். மட்டம் குறையவில்லை என்றால், திருச்சி வரையோ வேளாங்கண்ணி வரையோ உங்கள் மைத்துனர் விரும்பும் வேகத்திலேயே போய்வரலாம்.